துரை வீட்டுத் தட்டைக் கொலுசாக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு வாசகர், தாத்தா காலத்து இங்கிலாந்து வெள்ளித் தட்டு நாலைந்து வீட்டில் சும்மா கிடந்ததாகவும், எவனோ வெள்ளைக்காரன் குடும்பச் சின்னம் நமக்கெதற்கு என்று அவற்றை உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. அவர்மேல் கோபமில்லை, என் வீட்டிலும் பாதி அப்படித்தான் நடந்தது.

என் தாத்தா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு துரை ஊருக்குக் கப்பலேறியபோது இரண்டு தட்டுகளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். விளிம்பில் முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று, அதன்மேல் வாயைப் பிளந்த காட்டுப்பன்றித் தலை. பாட்டிக்கு அந்தப் பன்றியைக் கண்டாலே ஆகாது, தாம்பூலம் வைக்கும்போது அந்த இடத்தை ஒரு வெற்றிலையால் மூடிவிடுவாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி போட்டுத் தேய்ப்பாள்.

துரை பெரிய பிரபு குடும்பம் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. எனக்கு இப்போது அதில் நம்பிக்கையில்லை. பட்டம் உள்ள வீடு என்றால் சின்னத்துக்கு மேலே பெரும்பாலும் ஒரு சிறு கிரீடம் செதுக்கியிருப்பார்கள், அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்: டியூக் என்றால் ஸ்ட்ராபெரி இலைகள், பாரன் என்றால் ஆறு உருண்டை (படத்தில் நான்குதான் தெரியும்). எங்கள் பன்றிக்குத் தலைமேல் ஒன்றுமில்லை. அதுவும் துரையின் சொந்தக் குடும்பத்துச் சின்னம்தானா, எங்கேயாவது ஏலத்தில் எடுத்த தட்டா, யார் கண்டது.

ஆனால் தட்டின் வயதில் சந்தேகமே இல்லை. பின்பக்கம் ஐந்து முத்திரைகள். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை லண்டனில் சோதித்தது என்பதற்கு. பெரிய 'எல்' எழுத்து 1806ஆம் வருஷத்துக்கு. செய்தவரின் முதலெழுத்துகள் பாட்டியின் விபூதியில் கரைந்துவிட்டன. ஐந்தாவது, வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் தலை. அந்த வருஷத்து அரசர் மூன்றாம் ஜார்ஜ். நம் ஜார்ஜ் டவுனுக்குப் பேர் கொடுத்த அதே ஆள்தான் சார், பாட்டி வீட்டுத் தாம்பூலத் தட்டுக்கு அடியில் இத்தனை வருஷம் கவிழ்ந்து கிடந்திருக்கிறார்!

சரி, நடந்த கதைக்கு வருகிறேன். என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தட்டை மட்டும் மெருகு போட ஒரு கடையில் கொடுத்தேன். கடை பேர் வேண்டாம். தட்டின் பின்னால் ஊசியால் கீறியது போல '17' என்று, செட்டில் எத்தனையாவது தட்டு என்பதற்கான எண்ணும், '18 அவுன்ஸ் 12' என்று எடையும் இருந்தன. வெள்ளிக்கு அவுன்ஸ் என்றால் 31.1 கிராம், 12 என்பது அவுன்ஸில் இருபதில் ஒரு பங்காகப் பன்னிரண்டு, ஆக 578 கிராம். கடைத் தராசில் 566 காட்டியது. இருநூறு வருஷத் தேய்ப்புக்குப் பன்னிரண்டு கிராம்தான் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வாங்கும்போது 551. "கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன், பாருங்கக்கா" என்றார் அந்தத் தம்பி. பன்றியைக் காணோம். மிஷினில் வழித்து எடுத்துவிட்டார், மகள் பேரை அங்கே வெட்டித் தரவா என்று வேறு கேட்டார். அந்த இடத்தில் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் இப்போது லேசாக அமுங்குகிறது.

சின்னத்தை அழித்த தட்டை விவரம் தெரிந்தவர்கள் விரலால் தடவியே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள். சிலர் அழித்த இடத்தில் வேறு வெள்ளித் துண்டை வைத்துப் பற்றவைத்து மறைப்பதும் உண்டு, வாயால் ஊதினால் ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தெரிந்துவிடும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'இ.பி.என்.எஸ்.' என்று போட்டிருந்தால் அது முலாம் மட்டும்தான், 1840க்குப் பிறகு வந்த சமாசாரம்.

அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். என் இன்னொரு தட்டின் எண் 18, அதில் பன்றி இன்னும் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் உருக்காமல் ஒன்றாவது மிச்சம் இருந்தால், தயவுசெய்து திருப்பி எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு