மூச்சும் காதும் ஒரே வழிதான்: மதினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதினிக்கு,

சின்னவனுக்கு மூக்குச்சதையை எடுத்து இரண்டு காதிலும் கிராமெட் என்ற சின்ன வளையம் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், நீங்கள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் அண்ணன் போனில் சொன்னது. போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதைப் பொதுவில் போடுவதற்கு நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இதே கவலையோடு இருக்கிற தாய்மார் நிறையப் பேர். காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸாக இருக்கிற எனக்கு அவர்கள் முகமெல்லாம் தெரியும்.

முதலில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்: செய்துவிடுங்கள். இந்தக் கோடையிலேயே செய்துவிடுங்கள்.

"மூச்சு விட முடியலைன்னுதானே போனோம், இப்ப காதுல எதுக்கு ஆபரேஷன்?" என்று அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். நியாயமான கேள்வி. மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு காதுக்கும் ஒரு குழாய் போகிறது. காதுக்குள் காற்று போவதும், அங்கே சுரக்கும் நீர் தொண்டைக்கு வடிவதும் அதன் வழியாகத்தான். பெரியவர்களுக்கு அது நன்றாகச் சரிந்து இறங்கும். பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும். அதனால்தான் சளி பிடித்தாலே அவர்களுக்குக் காது வலிக்கிறது. அந்தக் குழாயின் திறப்புக்குப் பக்கத்தில்தான் அடினாய்டு என்ற அந்த மூக்குச்சதை இருக்கிறது. அது வீங்கிப் பெருத்தால் முன்னால் மூச்சை அடைக்கும், பக்கத்தில் குழாயை அடைக்கும். காற்றுப் போகாத காதில் நீர் கட்டி, நாளாக நாளாகப் பசையாகிவிடும். காது ஜவ்வு அசையாது. ஜவ்வு அசைகிறதா என்று பார்க்க அவனுக்கு எடுத்த டிம்பனோகிராம் தாளில் மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு படுத்தே கிடந்ததற்குக் காரணம் இதுதான். இந்தச் சதைக்கும் காது மந்தத்துக்கும் உள்ள தொடர்பை 1868-லேயே டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் வில்ஹெம் மேயர் எழுதிவைத்துவிட்டார். ஆக, இது நேற்று யாரோ கண்டுபிடித்துப் பிள்ளைகள் மேல் சோதித்துப் பார்க்கிற வைத்தியம் இல்லை.

"வளர வளரச் சரியாப் போகும்" என்று அம்மா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்தச் சதை மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை பெருத்திருந்து, பதின்வயதில் தானாகச் சுருங்கும். காதில் கட்டிய நீரும் பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதனால்தான் ஜனவரியில் டாக்டர் கத்தியை எடுக்காமல் "மூணு மாசம் பார்ப்போம்" என்றார். பார்த்தாயிற்று. கோடு எழும்பவில்லை. இன்னும் ஐந்தாறு வருஷம் காத்திருந்தால் சதை சுருங்கத்தான் செய்யும். ஆனால் அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது அதற்குள் போய்விடும் மதினி. டீச்சர் "பட்டு" என்று சொன்னதை "தட்டு" என்று எழுதியதற்கு அவன் அடி வாங்கினான் என்று கேட்டபோது என் வயிறு எரிந்தது. இந்த நீர் கட்டியிருக்கும் காதில் இருபத்தைந்து, முப்பது டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறையும். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்புவான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சர் பேச்சில் பாதி போய்விடும். "கவனம் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆபரேஷன் வரைக்கும் அவனை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். டிம்பனோகிராம் தாளை டீச்சரிடமே காட்டுங்கள்.

குறட்டை விஷயத்தில் மட்டும் அம்மாவோடு எனக்கு உடன்பாடே இல்லை. "அப்பனை மாதிரியே குறட்டை" என்று சிரிப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை தினமும் குறட்டை விடுவது சாதாரணம் கிடையாது. பொங்கலுக்கு வந்திருந்தபோது அவன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கினான். நடுவில் சில நொடி மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு இழுத்தான். அந்த நொடிகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். ராத்திரி முழுக்க இப்படி அரைத் தூக்கம் தூங்குகிற பிள்ளை பகலில் சிடுசிடு என்றுதான் இருப்பான், படுக்கையிலும் சிறுநீர் போவான். வருஷக் கணக்கில் விட்டால் இதயம் வரைக்கும் பாதிக்கும்.

இனி ஆபரேஷன். வெளியில் எங்கேயும் கீறல் கிடையாது, தையல் கிடையாது. முழு மயக்கத்தில் வாய் வழியாகச் சதையை எடுப்பார்கள். காதில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, ஜவ்வில் ஒரு சின்னக் கீறல் போட்டு, பசையை உறிஞ்சிவிட்டு, அந்த ஓட்டையில் கிராமெட்டைச் செருகுவார்கள். அரிசி மணியைவிடச் சின்னது அது. மூக்கிலிருந்து வரும் குழாய் செய்ய வேண்டிய வேலையை அது கொஞ்ச காலம் செய்யும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள் ஜவ்வே அதை வெளியே தள்ளிவிடும். சில பிள்ளைகளுக்குக் கிராமெட் இருக்கும்போது காது வடியும், சொட்டு மருந்தில் நிற்கும். மிகச் சிலருக்கு அது விழுந்த பிறகு ஓட்டை மூடாமல் நிற்பதும் உண்டு. இதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பம் இல்லை. சதையை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமோ என்று கேட்டீர்கள். தொண்டையிலும் உடம்பு முழுக்கவும் அதே வேலையைச் செய்யும் திசுக்கள் நிறைய இருக்கின்றன. பயப்பட வேண்டாம்.

உங்கள் உண்மையான பயம் மயக்க மருந்துதான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத் தனி டாக்டர் இருக்கிறார், தியேட்டரில் அவர் வேலையே அவன் மூச்சைக் கவனிப்பதுதான். அவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள்: குறட்டையில் மூச்சு நிற்பது, பல் ஆடுவது, முந்தின வாரம் வந்த சளி, சொந்தத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போன கதை, எல்லாம். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் தேதியைத் தள்ளுவார்கள், கோபப்படாதீர்கள். அப்புறம் பட்டினி. சோறு, இட்லி, பால், பிஸ்கட் எதுவாக இருந்தாலும் குறைந்தது ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீரை மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை விடுவார்கள், அதையும் அங்கே கேட்டுக்கொண்டு கொடுங்கள். அழுகிறானே என்று பாசத்தில் யாராவது ஒரு முறுக்கை வாயில் வைத்துவிட்டால், மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும். அன்றைக்குக் காலையில் அம்மா பக்கத்தில் ஆளை உட்கார வையுங்கள்.

எழுந்ததும் ஒரு நாள் சிணுங்குவான். ஒரு வாரம், பத்து நாள் வாய் நாறும், அது ஆறுகிற நாற்றம். கஞ்சி, இட்லி, ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம். மூக்கிலோ வாயிலோ புது ரத்தம் வந்தாலும், தூக்கத்தில் எதையோ திரும்பத் திரும்ப விழுங்கினாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடல்தான் பெரிய பிரச்சினை. அவன் கேட்கமாட்டான், நம் பிள்ளைகள் பாலத்தடியில் குதித்துக் குதித்தே வளர்கிறவர்கள். டாக்டர் சொல்லும் வரைக்கும் கடல் கூடாது. சொன்ன பிறகும் கிராமெட் விழும் வரைக்கும் முங்கு நீச்சல் கூடாது, ஆழத்தில் அழுத்தம் கூடித் தண்ணீர் உள்ளே போகும். காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் கரையில் இருக்கும், பள்ளிக்கூடமும் லீவு. இதைவிட வசதியான நேரம் வராது. ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கேயே கேளுங்கள். மதுரைக்கு அனுப்பினால் நான் இருக்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் வையுங்கள்.

உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் காதில் நாற்றத்தோடு சீழ் வடிகிறது என்றீர்களே, உண்மையில் அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சின்னவன் ஒரு மாதம் தாமதித்தாலும் சமாளிக்கலாம். அந்தப் பிள்ளை தாமதிக்கக் கூடாது. தண்ணீர் போலவோ சளி போலவோ வடிவது வேறு. அழுகல் நாற்றத்தோடு வருஷக் கணக்கில் விட்டு விட்டு வருவது கொலஸ்டியடோமாவாக இருக்கலாம். ஜவ்வின் தோல் உள்பக்கமாக வளர்ந்து எலும்பையே அரிக்கும் நோய் அது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது, மேலே மூளை இருக்கிறது. சொட்டு மருந்து நாற்றத்தைக் குறைக்கும், நோயை எடுக்காது. காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சுத்தம் செய்யும் மாஸ்டாய்டு ஆபரேஷன்தான் வழி. தலைவலி, தலைசுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுவது என்று எது வந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள் மதினி.

இன்னொன்று, கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால். பாப்பாவுக்குப் பெரியவன் பாசமாகக் கடலைமிட்டாய் ஊட்டுகிறான் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னது. வேண்டாம். நான்கு வயது வரைக்கும் நிலக்கடலை கையில் கிடைக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போனால் முதலில் பயங்கரமாக இருமும், அப்புறம் அடங்கிவிடும். வெளியே வந்துவிட்டது என்று நினைப்போம். வாரக் கணக்கில் வீசிங் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம், கடலை உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். திடீரென்று புரையேறிய கதை ஒன்று இருந்தால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் என்ற கருவியை விட்டு எடுத்துவிடுவார்கள்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தேதி கொடுத்ததும் அண்ணனை விட்டு போன் போடச் சொல்லுங்கள். டூட்டியை மாற்றிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடுகிறேன், தியேட்டர் வாசல் வரைக்கும் அவனை நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்