அப்பாவின் கடிதங்களைக் காயவைத்த அண்ணாவுக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

வெள்ளம் வடிந்து இன்றோடு பதினொரு நாள். அப்பா சுகமாக இருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டு, வருகிற போகிற ஆட்களோடு கதைக்கவும் தொடங்கிவிட்டார். அவரைத் தோளில் தூக்கி வந்த பிள்ளைகள், சாப்பாட்டுப் பார்சல் தந்த கோயில்காரர், கிண்ணியாவிலிருந்து தண்ணீர் பவுசரோடு வந்த தம்பிமார், கிணற்றை இறைத்துத் தந்த அயலவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர், உடுப்புத் தோய்த்து அயன் பண்ணித் தருகிற எங்கள் லோண்ட்ரி அண்ணா.

அப்பாவின் தகரப் பெட்டியை உங்களில் பலருக்குத் தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவராக இருந்தபோதும் அதன் பிறகும், அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்குச் சங்கீத, நடன, சித்திர ஆசிரியர்கள் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் கார்பன் பிரதிகள் அதற்குள்தான் இருந்தன. 6ஆம் வகுப்பிலிருந்து 9 வரை பிள்ளை ஒரு அழகியல் பாடம் படித்தே ஆகவேண்டும். ரீச்சர் இல்லாத இடத்தில் அந்தப் பாடவேளை சும்மா கழியும். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்கு அதை எடுக்கப் பிள்ளைக்கு எப்படித் துணிவு வரும்? மட்டக்களப்பு விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் வரை போய்ப் படிக்கும் எண்ணம் எங்கிருந்து வரும்? இதைச் சொல்லிச் சொல்லியே, மூதூருக்கு லோஞ்சில் போன காலத்திலிருந்து அப்பா அலைந்தார். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் வள்ளமும் வலையும் கேட்க, அவர் அவற்றோடு முகாம் பிள்ளைகளுக்கு இரண்டு மிருதங்கமும் கேட்டார். "விஞ்ஞானம் படிப்பித்த விபுலானந்த அடிகள்தான் யாழ்நூல் என்ற இசை நூலையும் தந்தார்" என்ற வரி அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும்.

பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. அப்பா பார்க்கமுதல் எறிந்துவிடலாம் என்று படலையடியில் வைத்தேன். அந்த வழியால் போன அண்ணா நின்றார். "பிரிக்காதேங்கோ தங்கச்சி, அப்பிடியே தாங்கோ" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மின்சாரம் வந்திருக்கவில்லை. சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டிதான். மேசையில் பழைய பத்திரிகை விரித்து, ஒரு தாளை வைத்து, மேலே இன்னொரு பத்திரிகை. முதல் தாளில் சூடு கூடி, கார்பன் நீலம் பத்திரிகையில் ஒட்டிவிட்டது. உடனே கரியின் மேல் சாம்பலைத் தூவினார். அப்புறம் ஒரு எழுத்தும் போகவில்லை. அவருடைய கடைக்குள்ளும் வெள்ளம் வந்ததுதான். ஊராருடைய உடுப்புகள் சேற்றோடு மூலையில் குவிந்து கிடந்தன. அந்த வேலைக்கு நடுவில் நான்கு இரவு, 212 தாள்.

"இதிலயும் நடன ரீச்சர்தான் கேட்டிருக்கிறார்" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "ஐயா இண்டைக்குச் சாப்பிட்டவரோ?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நடன ரீச்சர் வரவில்லை. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. சரி, இனி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தை மாதத்துக்கு முன்னரே 213ஆவது கடிதம் போகும். அதன் பிரதி ஒன்றை லோண்ட்ரி அண்ணாவிடமும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.