கண்ணாடிமுன் பத்து முறை சொன்னால் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பெண்கள் இணைப்பில் வந்த உடல் தோற்றக் கவலை பற்றிய கட்டுரை நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் அது சொல்லும் மருந்து (‘தினமும் கண்ணாடிமுன் நின்று, நான் அழகி என்று பத்து முறை சொல்லுங்கள்’) வலி ஓரிடம், தைலம் ஓரிடம் என்ற கதை.

தன் அழகில் குறை காண்பது வேறு, எந்நேரமும் தன்னை வெளியில் நின்று நோட்டம் விடுவது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. 1997-ல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எடுத்துச் சொன்னது இரண்டாவதை. பெண்ணுடம்பைப் பார்த்து மதிப்புப் போடும் ஊரில் வளர்பவள், நாளடைவில் அந்த ஊர்க்கண்ணைத் தனக்குள்ளேயே குடிவைத்துவிடுகிறாள். அப்புறம் பார்க்க வேறு ஆள் தேவையில்லை. லட்சணமான பெண்ணும் இதற்குத் தப்புவதில்லை. அழகு கலைந்துவிடாமல் காக்கும் வேலை அவளுக்குக் கூடுதல்.

1998-ல் வந்த ஆய்வு ஒன்றில் மாணவிகளைத் தனி அறையில், கண்ணாடி முன், சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்த உடையோடே கணக்குப் போடவும் வைத்தார்கள். நீச்சலுடைக்காரிகள் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். இதேபோல் நீச்சலுடை போட்ட ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. அறையில் வேறு யாருமே இல்லை என்பதை மறக்கக் கூடாது. புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடை ட்ரயல் ரூமுக்கும் இது பொருந்தும். மனதில் பாதி ‘பின்பக்கம் எப்படித் தெரிகிறது’ என்பதிலேயே போய்விட்டால், மீதிப் பாதியில் என்ன கணக்கு வரும்?

கடற்கரைச் சாலையில் காந்தி சிலை முன் படம் எடுப்பவர்களைக் கவனியுங்கள். ‘ரெடி’ என்றதும் வயிறு உள்ளே போகும், மூச்சு நிற்கும், துப்பட்டா சரியாகும். ஃபோனை வாங்கியதும் கடலும் தெரியாது, கூட நின்ற தங்கையும் தெரியாது. தன் கையின் பருமனைத்தான் விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தெறியும் பெண்பிள்ளை ஒரு கையால் டி-ஷர்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே மறு கையால் எறிவாள். அந்தப் பந்து எவ்வளவு தூரம் போகும்! தன்னை இப்படி நோட்டம் விடும் சிறுமிகள் பந்தெறிவதிலும் பின்தங்குகிறார்கள் என்று 2005-ல் ஆய்வே வந்திருக்கிறது. பிள்ளைக்கு விளையாட்டு வரவில்லை என்று திட்டும் பி.டி. ஆசிரியர்கள் முதலில் சீருடையின் அளவைப் பார்க்கட்டும்.

தனக்கு இந்த நோட்டம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, இதே துறையில் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. பத்துச் சொற்களைக் கலந்து எழுதிக்கொள்ளுங்கள்: எடை, உடல் அளவுகள், பாலியல் கவர்ச்சி, வசீகரத் தோற்றம், செதுக்கிய தசை, பலம், கை கால் ஒத்திசைவு, தெம்பு, ஆரோக்கியம், உடல் தகுதி. தன்னைப் பற்றி நினைக்கும்போது மிக முக்கியமாக வருவதற்கு 9, மிகக் குறைவானதற்கு 0. ஓர் எண்ணை ஒரு முறைதான் தரலாம். நான் மேலே சொன்ன வரிசையில் முதல் ஐந்து சொற்களுக்குத் தந்த எண்களின் கூட்டலிலிருந்து பின் ஐந்தின் கூட்டலைக் கழியுங்கள். விடை -25 முதல் +25 வரை இருக்கும். பிளஸ் பக்கம் ஏற ஏற நோட்டம் அதிகம். பலரும் தவறுவது ஓரிடத்தில்: ‘என் எடை சரியாக இருக்கிறது, அதனால் கடைசி’ என்று போடுவார்கள். திருப்தியை இங்கே யாரும் கேட்கவில்லை. மனதில் அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ‘ஆரோக்கியம்தான் முதல்’ என்று வாத்தியாருக்குச் சொல்வது போல எழுதினாலும் பயனில்லை. இது நோய் கண்டுபிடிக்கும் சோதனையும் அல்ல.

கண்ணாடி மந்திரத்துக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது எழுத்து. ஒரு வாரத்தில் மூன்று நாள், தலா 15 நிமிடம், உடல் எப்படி இருக்கிறது என்று அல்ல, என்ன செய்கிறது என்று எழுதுவது. ஒரு நாள் புலன்களும் உடல் திறனும், ஒரு நாள் ஆரோக்கியமும் கைவேலையும், ஒரு நாள் தன்னைப் பேணுவதும் பிறரோடு பழகுவதும். 2015-ல் சோதித்துப் பலன் கண்ட முறை இது. ‘என் கைகளுக்கு நன்றி’ என்று பொதுவாக எழுதினால் ஒட்டாது. எண்ணெய் தடவிய விரல் பண்ருட்டிப் பலாவின் சடையை ஒதுக்கிச் சுளையை முழுசாக எடுக்கிறதே, அந்த அளவுக்கு நுணுக்கமாக எழுத வேண்டும். ‘தினமும் நடக்கிறேன், இடுப்பு குறையும்’ என்று வரி திரும்பினால் மறுபடி கண்ணாடிக்கே வந்துவிட்டோம். அந்த வரியை அடித்துவிட்டு, நடக்கும்போது மூச்சும் காலும் எப்படி இருந்தன என்று எழுதலாம்.

வீட்டார் செய்யக்கூடியது ஒன்று. விடுமுறைக்கு வந்த பெண்ணிடம் வாசற்படியிலேயே ‘என்னடி, வெயில்ல சுத்திக் கறுத்துட்டே’, ‘ஒரு சுத்துப் பெருத்துட்டியே’ என்பதை நிறுத்தலாம். ‘இளைச்சு அழகாயிட்டே’ என்ற பாராட்டும் அதே வகைதான். இந்த வீட்டில் எடை கவனிக்கப்படுகிறது என்றுதான் அவளுக்குப் போய்ச் சேரும்.

உணவுக் கோளாறை மட்டும் எழுதி ஆற்ற முடியாது. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது, வேளை வேளையாகச் சாப்பாட்டைத் தள்ளுவது, எடை வேகமாக இறங்கி மூன்று மாதம் தீட்டு வராமல் நிற்பது: இவை தெரிந்தால் தாமதிக்காமல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறைக்கோ, கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த இணைப்பில் எடை குறைப்பு விளம்பரத்தின் ‘முன் - பின்’ படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியை இந்த எண்ணுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியை ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.