பதினேழரை ஜோடி

லெஸ்டர்ஷயர், ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழையில் வெளியே போகாதீர்கள். போன வாரம் போனில் "ரேஸ் குதிரையே இல்லாத லாயத்தில் அப்படி என்னடா வேலை" என்று கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, உட்கார்ந்து எழுதினால்தான் சொல்ல வரும் என்று தோன்றியது.

இங்கே எங்கள் லாயத்தில் 14 குதிரைகள். எல்லாம் ஹன்டர், அதாவது நரி வேட்டைக்குப் போகிற குதிரை. கிண்டியில் நீங்கள் வளர்த்த மாதிரி மெலிந்த கால் இல்லை, பாதிக்கு மேல் அயர்லாந்து நாட்டுக் குதிரையோடு ரேஸ் இனமான தரோபிரெட் கலந்தது, எலும்பு கனம், நாள் முழுக்க ஓடினாலும் மூச்சு நிதானமாக இருக்கும். குளிர்காலத்தில் வேர்த்துச் சளி பிடிக்காமல் இருக்க உடம்பு முடியை மெஷினால் வழித்துவிடுவோம், ஆனால் காலிலும் சேணம் உட்கார்கிற இடத்திலும் மட்டும் விட்டுவிடுவோம். காலுக்கு முள்ளும் சேறும், முதுகுக்குச் சேண உரசல், இரண்டுக்கும் அந்த முடிதான் காவல். நீங்கள் பார்த்தால் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டுவீர்கள்.

வேட்டை என்றதும் அம்மா பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரியைக் கொல்வதற்குத் தடை வந்து பல வருடம் ஆகிறது. சட்டம் 2004இல் போட்டார்கள், 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது நடப்பது, ஒருவர் முன்னாலே போய் வாசனை தோய்த்த துணியை வயல் வழியாக இழுத்துக்கொண்டு போவார், நாய்கள் அந்தத் தடத்தை முகர்ந்து ஓடும், பின்னால் குதிரைகள். இது வெறும் கண்துடைப்பு, மறைவில் நரியைத் துரத்துகிறார்கள் என்று எதிர்க்கிறவர்கள் நிறைய, இதையும் தடை செய்வோம் என்று இப்போதைய ஆளுங்கட்சி 2024 தேர்தலில் சொல்லித்தான் வந்தது. எனக்கு உயிரைக் கொல்கிற பகுதி போனதில் நிம்மதிதான், நரியைத் துரத்துகிற இடம் என்றால் ஒருநாளும் போயிருக்க மாட்டேன். ஆனால் இவர்களுடைய பேச்சும் பழக்கமும் இருக்கிறதே, அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

முதலில், நாயை நாய் என்று சொல்லக் கூடாது. ஹவுண்ட். வாலுக்குத் தனிப் பெயர், ஸ்டெர்ன். அது குரைக்காது, "பேசும்". எல்லாம் சேர்ந்து குரல் கொடுத்தால் அதற்கு இசை என்றே பெயர். எண்ணும்போது ஜோடிக் கணக்கு. 35 ஹவுண்ட் இருந்தால் பதினேழரை ஜோடி என்பார்கள். பழைய நாளிலிருந்தே இளசு ஒன்றைப் பழகிய கிழத்தோடு ஒரே பட்டையில் கட்டிப் பழக்குவார்களாம், அந்த வழக்கத்தில் வந்த கணக்கு இது. வந்த புதிதில் நான் "எத்தனை நாய்" என்று கேட்டேன், பக்கத்தில் இருந்த பெரியவர் கோபப்படவில்லை, "எத்தனை ஜோடி ஹவுண்ட் என்று கேள் தம்பி" என்கிற மாதிரி மெதுவாகத் திருத்தினார்.

தலைவர் மாஸ்டர். ஹவுண்டை நடத்துகிறவர் ஹன்ட்ஸ்மேன். சிதறிப்போகிற ஹவுண்டைச் சவுக்குச் சத்தத்தால் திருப்பிக் கூட்டத்தோடு சேர்க்கிறவர் விப்பர்-இன், சுருக்கமாக விப். அப்பா, நம் சட்டமன்றத்தில் கொறடா என்கிறோமே, கட்சி எம்.எல்.ஏ.க்களை ஓட்டெடுப்புக்கு இழுத்து வருகிறவர், அந்தப் பதவிப் பெயர் இந்த வயல்காட்டிலிருந்துதான் லண்டன் பார்லிமென்டுக்குப் போய், அங்கிருந்து நம் ஊருக்கு வந்திருக்கிறது. கொறடா என்றாலும் சவுக்குதானே. இதைக் கேட்ட அன்று ராத்திரி உங்களுக்கு உடனே போன் செய்ய வேண்டும் போல இருந்தது, அங்கே விடியற்காலை மூன்று மணி.

இவர்கள் போடுகிற சிவப்புக் கோட்டைப் பிங்க் என்பார்கள், பார்த்தால் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. காட்டுப் புதருக்குக் கவர்ட் என்று எழுதி, கடைசி எழுத்தை விழுங்கிக் கவர் என்று சொல்வார்கள். பக்கத்து ஊர் பெல்வாயர் என்று எழுதியிருக்கும், சொல்வது பீவர். இந்த மெல்டன் மோப்ரே பகுதிதான் இந்த விளையாட்டுக்கே தலைவாசல். குவார்ன் என்கிற ஹன்டில், அதாவது வேட்டைக் குழுவில், ஹ்யூகோ மெய்னல் என்பவர் 1753லிருந்து 47 வருடம் மாஸ்டராக இருந்து, வேகமாக ஓடுகிற ஹவுண்டை வளர்த்தெடுத்தாராம், அதிலிருந்துதான் இப்போதைய வேக ஓட்டமே வந்தது என்கிறார்கள்.

சனிக்கிழமை எனக்கு நாலரை மணிக்கு வேலை தொடங்கும். பிடரி மயிரைச் சின்னச் சின்ன ஜடையாகப் பின்னி, ஊசி நூலால் தைத்து, உருண்டையாகச் சுருட்ட வேண்டும். விரல் மரத்துப்போகும், ஒரு குதிரைக்கு முக்கால் மணி நேரம். நவம்பர் முதல் வாரத்தில் பெரிய சீசன் திறந்தபிறகுதான் இந்த ஜடை, அதற்கு முன்னால் சாதாரண ட்வீட் கோட்டும் பின்னாத பிடரியும் போதும். கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, குறுக்குவாட்டில் ஊக்கு குத்துவார்கள். நெட்டுக்குத்தாகக் குத்தினால் விழும்போது தொண்டையில் ஏறிவிடும். அலங்காரம் என்று நினைத்திருந்தேன், போன மாதம் ஒரு அம்மா வேலி தாண்டும்போது விழுந்து கை முறிந்தது, பக்கத்தில் வந்தவர் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து இரண்டே நிமிடத்தில் தூளி கட்டிவிட்டார். அதற்காகத்தான் அவ்வளவு நீளம்.

உதைக்கிற குதிரைக்கு வாலில் சிவப்பு ரிப்பன், புதுக் குதிரைக்குப் பச்சை. ரிப்பன் கட்டிவிட்டோம் என்று கூட்டத்துக்குள் நுழையக் கூடாது, கடைசியில்தான் நிற்க வேண்டும். நெருக்கடியான கேட்டில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தால், என் குதிரை உதைக்கும், தள்ளி வா என்று அர்த்தம். முன்னால் போகிறவர் முள்கம்பியைக் கண்டால் "வார் வயர்" என்று கத்துவார், வளை இருந்தால் "வார் ஹோல்", அது ஒவ்வொருவர் வாயாகக் கடைசி ஆள்வரை வந்து சேரும். கோதுமை முளைத்த வயலில் கால் வைக்கக் கூடாது, வரப்போரமாக ஒற்றை வரிசை. கேட்டைக் கடைசியாக வருகிறவர் சாத்தியே ஆக வேண்டும், அவர் இறங்கிச் சாத்தினால் திரும்ப ஏறி உட்காரும்வரை இன்னொருவர் கூட நிற்க வேண்டும், தோழமைக் குதிரைகள் ஓடிவிட்டால் எந்தக் குதிரை சும்மா நிற்கும், உங்களுக்குத் தெரியாதா. நிலம் விவசாயியுடையது, அவர் மனம் வைத்தால்தான் எல்லாம், அதனால் எவ்வளவு பெரிய மனிதரும் அவரைக் கண்டால் தொப்பியில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை இரண்டாவது குதிரை, அதாவது எஜமானர் காலையில் ஓட்டிய குதிரை களைத்ததும் மாற்றிக்கொள்ள இன்னொன்றைச் சாலை வழியாக நிதானமாக நடத்திக் கொண்டுபோவது. முதல் வாரம், ஒரு ஒடுக்கமான பாதையில் ஹவுண்டுகள் எதிரே வந்தன. நான் ஒதுங்கினேன், ஆனால் பெட்டைக் குதிரையின் பின்பக்கம் அவற்றைப் பார்த்து இருந்தது. "தலையைத் திருப்பு!" என்று ஒரு குரல். திருப்பினேன். ஒரு உதை விழுந்தால் ஹவுண்டின் மண்டை உடையும், அதனால் எப்போதும் குதிரை முகம் ஹவுண்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், அவற்றுக்குத்தான் முதல் வழி, மாஸ்டரே ஆனாலும் பிறகுதான். குதிரைக்குப் பின்னால் நிற்காதே என்று ஐந்து வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

காலையில் வந்ததும் "குட் மார்னிங், மாஸ்டர்" என்று சொல்ல வேண்டும். பாதியில் வீட்டுக்குப் போகிறவர் சொல்லாமல் போகக் கூடாது, மத்தியானம் ஒரு மணிக்குப் போனாலும் சொல்வது "குட் நைட், மாஸ்டர்". வெயில் அடிக்கும்போது குட் நைட்டா என்று முதலில் விழித்தேன். அப்புறம் யோசித்தால், நாமும் வாசலில் போகிறேன் என்று சொல்வோமா, போயிட்டு வரேன் என்றுதானே சொல்கிறோம்.

தாத்தா வெள்ளைக்காரர் காலத்தில் ஊட்டியில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக இருந்தபோது வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நடந்த வேட்டைக்குக் குதிரை பிடித்துக் கொடுத்ததாகச் சொல்வாரே, அது இதேதான் அப்பா. இங்கே அந்தக் காலத்தில் துரத்தியது செந்நரி, அது நீலகிரியில் கிடையாது, அதனால் அங்கே நம் ஊர் நரியைத் துரத்தினார்கள். தாத்தா ஏதாவது இங்கிலீஷ் வார்த்தை சொல்லி உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

நேற்று நாலு மணிக்கே இருட்டிவிட்டது. எல்லோரும் போனபிறகு விப் எண்ணினார், பதினேழு ஜோடி. அரை குறைந்தது. மழைத் தூறலில் ஹன்ட்ஸ்மேன் வேலியோரம் நின்று, ஒரு சாண் நீளச் செம்புக் கொம்பை எடுத்து நீளமாக ஊதினார், நிறுத்தி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மறுபடி ஊதினார். அரை மணி நேரம் யாரும் வண்டியில் ஏறவில்லை. கடைசியில் வேலிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, சேறு பூசி நொண்டி நொண்டி வந்தது. அவர் குதிரையிலிருந்து இறங்கி மண்டியிட்டுப் பாதத்திலிருந்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்தார். விப் "ஆல் ஆன், சார்" என்றார், எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம்தான் ஹன்ட்ஸ்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதீர்கள்.

போயிட்டு வரேன் அப்பா.

உங்கள் மகன்