பெயர்ச் சுவரும் நிலுவைச் சந்தாவும்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பந்தலூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களின் பல டிவிஷன்களிலிருந்து (தோட்டப் பிரிவுகளிலிருந்து) வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். சாதிச் சான்றிதழ் கேட்டுக் கொடுத்த மனுக்கள் இன்னும் நிலுவையில்தான் இருக்கின்றன. இந்த ஆண்டில் மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி. செயற்குழுவை மாதந்தோறும் கூட்டினேன், கோரம் சேராமல் தள்ளிப்போனவையும் உண்டு.

இனி சுவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய நம் குடும்பங்களின் பெயர்களையும் படங்களையும் நம் சமுதாயக்கூடத்துச் சுவரில் இந்த ஆண்டு வரைந்தோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த வருஷம் அதிகம் பேசப்பட்டது இதுதான், ஆனால் அப்படிப் பேசியவர்களில் பலர் சுவர்ப் பக்கமே வரவில்லை.

1970-இல் இருபது வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறியவருக்கு இன்று 75 வயது. அவர் போய்விட்டால் எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு) என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்காது. சென்னையில் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை ஓவியர்கள் வந்து வரைந்தவை. நம் சமுதாயக்கூடத்துச் சுவரை நாமே வரைய வேண்டும் என்பது என் விருப்பம். எல்லோரும் உள்ளங்கையைப் பெயிண்டில் தோய்த்துப் பதித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யார் எங்கிருந்து வந்தார் என்பதைக் கைத்தடம் சொல்லாது.

சார்ட் தாளும் ஸ்கெட்சும் வாங்கிக் கொடுத்தோம். "எனக்கு என்னய்யா வரையத் தெரியும்" என்று ஒதுங்கி நின்ற ஓர் அம்மாவிடம் இலங்கையின் மஸ்கெலியாவில் அவர் இருந்த வீட்டைக் கேட்டதும், தாளைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), மூலையில் அடுப்பு, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலி. பீலிக்குப் போகிற படிகளை மட்டும் இரண்டு முறை அழித்து வரைந்தார். அதில் ஒரு படி உடைந்திருந்ததாம். அந்த உடைந்த படியும் இப்போது சுவரில் இருக்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவர் தாளில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாக்கி ஏற்றிக் கொடுத்தார். கோணல் கோடு கோணலாகவே ஏற வேண்டும், யாரும் திருத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன், அப்படியே செய்தார்.

கப்பல் வரையும்போது ஒரு விவாதம் வந்தது. பிள்ளைகள் அதைத் தனுஷ்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெரியவர்கள் விடவில்லை. இலங்கையில் நாடற்றிருந்த நம் ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தானது, இரண்டு மாதம் ஆவதற்குள் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒப்பந்தப்படி வந்த நம் ஆட்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள். படத்தை மாற்றினோம். பிள்ளைகள் வரலாறு கற்றுக்கொண்ட நாள் என்று நான் அதைத்தான் சொல்வேன். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்ற கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதலாம் என்றார்கள். அதைக் கீழ் மூலையில் சின்னதாகப் போட்டால் போதும் என்று முடிவு செய்தோம். சுவரின் நடுப்பகுதி பெயர்களுக்கு உரியது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி: பூர்வீக ஊர், இலங்கையில் இருந்த தோட்டம், இப்போதைய டிவிஷன். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஊர்கள், அப்புறம் இலங்கையின் டிக்கோயா, பதுளை, பசறை. பூர்வீகம் தெரியாதவர்களுக்கு அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறோம். தோட்டத்துப் பெயரைச் சரிபார்க்க அந்தக் காலக் குடும்ப அட்டையைக் கேட்டபோது சிலர் பயந்தார்கள். காகிதம் கொடுத்தால் ஏதாவது விசாரணை வரும் என்ற பயம். எந்த அட்டையும் சங்கத்தில் இல்லை, பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது, என் மேல் பலருக்கு வருத்தம் உண்டாக்கிய விஷயம். நம் பக்கத்து லைனில் இருக்கும் ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கும் சுவரில் இடம் கொடுத்தோம். கும்லா, குந்தி என்று அவர்கள் ஊர்ப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. நம் சுவரில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். 1948-இல் இலங்கையில் ஒரு சட்டம் போட்டு நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தபோது, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்களிடம் கேட்ட கேள்வியும் அதுதானே? இங்கே வந்து இறங்கிய பிறகும் எத்தனை வருஷம் நம்மைச் "சிலோன்காரன்" என்று கூப்பிட்டார்கள்? நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தேயிலை நிரையில் இன்று கொழுந்து எடுப்பது இந்தக் குடும்பங்கள். இந்தியில் எழுதியது தவறு என்றும் ஒரு புகார் வந்தது. எழுதியது ஆறாம் வகுப்பு படிக்கும் அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளை. பக்கத்திலேயே தமிழிலும் அதே பிள்ளைதான் எழுதியது. இது செயற்குழுவில் வைத்து நிறைவேற்றிய தீர்மானம். கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்வது முறையல்ல என்பதை மனவருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

யானை நடமாட்டத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கே வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. பாசியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே பல ஞாயிறுகள் போயின. சாரத்தில் நின்றவர்கள் திரும்பத் திரும்ப அதே நான்கைந்து பேர். சங்கப் பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கும் அன்று வந்த ஆட்களுக்கும் சம்பந்தமே இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், பெயிண்ட், பிரைமர், சார வாடகைக்கான பெரும்பகுதி நன்கொடையில் வந்தது. மீதிக்குச் சங்க இருப்பில் கை வைத்தோம். கடையில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை, சிலருக்கு மூன்று ஆண்டு பாக்கி. ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைந்த தொகை அது. வீட்டுக்கு வந்து கேட்டால் சங்கடப்படுவீர்கள் என்றுதான் வராமல் இருக்கிறேன்.

ஓவிய ஆசிரியருக்கும், சாரம் கொடுத்தவருக்கும், மதியச் சாப்பாடு சமைத்த மகளிர் குழுவுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் புதிய செயலாளர் வந்தால் பொறுப்பை மனநிறைவோடு ஒப்படைப்பேன். ஆனால் வலது கோடியில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது, பெயர் தராத குடும்பங்களுக்காக நிறுத்தி வைத்தது. ஜூன் மழை பிடிப்பதற்குள் மேல்பூச்சு அடிக்காவிட்டால் வரைந்ததும் உரியத் தொடங்கிவிடும். அதனால் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் கூடம் திறந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் சொன்னால் போதும். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்