சென்சாரை மாற்றுமுன் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாயிரம் ரூபாய் செலவழித்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றிய பிறகும் தமது பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு அணையவில்லை, மைலேஜும் திரும்பவில்லை என்று வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

காரின் கணினியில் பதிவான பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் 'பி 0171' என்று வந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் போவதாகக் காரின் கணினி கருதுகிறது என்பதுதான் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. ஆனால் பல பட்டறைகளில் எண்ணைப் பார்த்தவுடன் ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள்.

புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை மின்னழுத்தமாகத் தருவதே சிர்கோனியா வகைச் சென்சாரின் வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், அந்த அளவு சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். சென்சாரின் முனை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே சரியாக வேலை செய்யும் என்பதால், வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு மல்டிமீட்டரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது வீண். 0.45 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால், பெரும்பாலான கார்களில் முதலில் பார்க்க வேண்டியவை சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் ஃப்யூஸ், வயர்களை இணைக்கும் கப்ளர், வயர் ஆகியவைதாம். வயரை எலி கடித்து வைத்திருப்பது நம் ஊரில் அதிசயமில்லை.

என் மைத்துனரின் காரிலும் இதே கதைதான். புதுச் சென்சார் போட்ட எட்டாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலில் அளவு 0.1ஐ ஒட்டியே கிடந்தது, அதாவது புகையில் ஆக்சிஜன் மிகுதி என்று காட்டியது. கணினியோ வழக்கத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்தபோது அளவு 0.9ஐ நெருங்கியது, காலை எடுத்ததும் இறங்கியது. அப்படியானால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து குனிந்து கேட்டேன். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சினின் புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரத்தில் கண்மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. அங்கே இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் இருந்த சிறு விரிசல் வழியே, புகையின் ஒவ்வொரு உந்தலுக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காற்றைப் பார்த்துத்தான் சென்சார் ஆக்சிஜன் மிகுதி என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. கழற்றி எறியப்பட்ட பழைய சென்சாரும் அதையேதான் சொல்லியிருக்கும். கேஸ்கெட்டை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

இன்னொரு தவறையும் குறிப்பிட வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாரின் அளவு அதிகம் அசையாமல் நிற்பதே சரியான நிலை. முன்புறச் சென்சாரைப்போல் அது ஆடவில்லை என்று அதைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதேபோல், காற்று-பெட்ரோல் விகிதத்தை இன்னும் விரிவாக அளக்கும் வைட்பேண்ட் வகைச் சென்சார் உள்ள கார்களுக்கு மேலே சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே சென்சாரை மாற்றச் சொல்லும் பட்டறைகள், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதி, பழைய சென்சாரையும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
திருநெல்வேலி.