பெருசின் சர்வர்களும் உன் பேனலும்

அன்புள்ள மச்சான்,

இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், முதலில் திட்டித் தீர்த்துக்கொள். ஆயிற்றா? சரி. வீட்டில் எல்லோரும் சுகம். என் முதுகுவலியும் சுகமாகவே இருக்கிறது. மொட்டை மறுபடி வேலை மாறிவிட்டான், காரணம் வழக்கமானதுதான்.

"பிரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்க நல்ல பேனலாக ஒன்று சொல்" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். நானும் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். அதற்குள், இங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற நம் பெருசுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. பயப்படாதே, இப்போது தேறிவிட்டார். வை-ஃபை வேகம் போதவில்லை என்று நர்ஸிடம் சண்டை பிடித்தாராம், அந்த அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் அவர் படுத்திருந்தபோது அவருடைய மெஷின்கள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. உனக்கான பதிலும் அங்கிருந்துதான் வருகிறது.

அவர் வேலை செய்கிற லட்சணம் உனக்குத் தெரியாதா? கட்டளை தட்டுகிற டெர்மினல் என்ற கறுப்புத் திரையும் அவரும்தான், மூன்றாம் மனிதருக்கு அங்கே இடமில்லை. எந்த மெஷினில் என்ன ஓடுகிறது, பேக்கப் எங்கே போகிறது, எந்த ஃபைலை எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. குறிப்பு என்று ஒரு ஃபைல் கிடைத்தது. ஆசையாகத் திறந்தால், "பழையபடி மாற்றிவிட்டேன்" என்று ஒரு வரி! எந்தப் பழையபடி? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மனிதரிடம் போய் இதையா கேட்பது?

அதனால் முதல் வேலையாக எல்லாவற்றிலும் காக்பிட் என்ற பேனலைப் போட்டேன். லினக்ஸ் கம்பெனியான ரெட் ஹேட் ஆதரவில் வளர்கிற சமாச்சாரம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் எதிலும் பேக்கேஜாகவே கிடைக்கும். இன்ஸ்டால் செய்வதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. பேக்கேஜைப் போட்டு, இணைப்புக்காகக் காத்திருக்கிற அதன் சாக்கெட்டை, சேவைகளை ஓட்டுகிற சிஸ்டம்டியில் எனேபிள் செய்துவிட்டு, பிரவுசரில் 9090 போர்ட்டைத் திறந்தால் போதும். இணைப்பைப் பாதுகாக்கிற சான்றிதழ் அதுவே தயாரித்துக்கொண்டது என்பதால் பிரவுசர் கொஞ்சம் மிரட்டும். லாகின் உன் லினக்ஸ் கணக்கேதான், புதிதாக யூசர் உருவாக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்துப்போனது இதற்கு அடுத்த விஷயம். காக்பிட் தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் வைத்துக்கொள்வதில்லை. மெஷினில் இருப்பதை அப்படியே படித்துக் காட்டும். நீ திரையில் மாற்றினால், டெர்மினலில் மாற்றியிருந்தால் எங்கே மாறியிருக்குமோ அங்கேயே மாறும். யாரும் பார்க்காத நேரத்தில் அது ஓடுவதும் இல்லை. போர்ட்டில் ஆள் வந்து தட்டினால் சிஸ்டம்டி எழுப்பிவிடும். நாளைக்கே பெருசு திரும்பி வந்து தன் கறுப்புத் திரையில் ஒரு சேவையை நிறுத்தினால் என் திரையிலும் அது நின்றிருக்கும். அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு, நடுவில் சண்டை இல்லை.

ஒரு நாள் ஒரு மெஷினின் ஐபி முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து இதைச் செய்கிறபோது கை நடுங்கும் என்பது உனக்கே தெரியும். தப்பாகப் போனால் யாராவது நேரில் போய் விசைப்பலகை செருக வேண்டும். முகவரியைப் போட்டு அழுத்தினேன். பக்கம் அப்படியே உறைந்து நின்றது. போச்சுடா என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கம் தானாக உயிர் பெற்று, இந்த மாற்றத்தைச் செய்தால் சர்வரோடு தொடர்பு அறுந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது. லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கிற நெட்வொர்க் மேனேஜரிடம் பழைய நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்கிறது. உன்னோடு பேச முடியாமல் போனால் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. இதைப் பெருசிடம் சொன்னேன். "பொம்மை" என்றார். ஆனால் எப்படித் திருப்புகிறது என்று இரண்டு தடவை கேட்டார்!

பேனல் என்றதும் ஊரே சொல்கிற சிபேனல், ப்ளெஸ்க் எல்லாம் வேறு ஜாதி. பல வாடிக்கையாளர்களுக்கு டொமைன், மெயில், டேட்டாபேஸ் என்று பங்கு போட்டுக் கொடுக்கிறவர்களுக்காக உருவானவை. சிபேனல் போட வேண்டுமென்றால் புத்தம்புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கும். போட்ட பிறகு, வெப்சைட்டுகளைப் பரிமாறுகிற அப்பாச்சியின் முக்கியமான கன்ஃபிகரேஷன் ஃபைல் அதன் சொத்து. நீ அதில் நேராகக் கை வைத்தால், அடுத்த முறை அது அந்த ஃபைலை மறுபடி உருவாக்கும்போது உன் வரி காணாமல் போகும். கூடுதலாக எழுதுவதற்கென்று அது ஒதுக்கிய தனி ஃபைலில்தான் எழுத வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் கழற்றவும் முடியாது, மெஷினையே துடைத்து மறுபடி போட வேண்டியதுதான். பெரிய கடை நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் நியாயமான விலை. உன்னுடைய மூன்றரை யூசர்களுக்கு எதற்கப்பா இது?

இனி எனக்குத் தூக்கம் கெட்ட விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை போன வருஷமே உன் மெஷினில் வெப்மின் என்ற பேனலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான் என்று இப்போதுதான் அவன் வாயாலேயே கேட்டேன். எந்த வெர்ஷன் என்று கேட்டால், "அப்போது கையில் இருந்தது" என்கிறான். அப்டேட் ஆகிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

வெப்மினை நான் குறை சொல்லவில்லை. ஜேமி கேமரன் 1997இல் பெர்ல் மொழியில் எழுத ஆரம்பித்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுவும் மெஷினில் இருக்கிற ஃபைல்களையேதான் திருத்தும், மரியாதை தெரிந்த மென்பொருள். ஆனால் 2019 ஆகஸ்டில் என்ன வெளிவந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய வருஷமே யாரோ வெப்மின்காரர்கள் பேக்கேஜ் தயாரிக்கிற பில்ட் சர்வருக்குள் நுழைந்து, பாஸ்வேர்டு மாற்றும் ஃபைலில் கள்ளத்தனமாக ஒரு துணுக்கைச் சேர்த்துவிட்டார்கள். கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த மூல நிரல் சுத்தம். மக்கள் இறக்கிக்கொண்ட பேக்கேஜில்தான் விஷம். 1.890 வெர்ஷனை இன்ஸ்டால் செய்து எதையும் தொடாமல் விட்டிருந்தாலே போதும், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து ஒருவன் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாகக் கட்டளை கொடுக்கலாம். 1.920 வரை வந்த வெர்ஷன்களில், காலாவதியான பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பு போட்டிருந்தால் மாட்டிக்கொள்வாய். 1.930இல்தான் சரிசெய்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக இது பேக்கேஜுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது மச்சான்.

நல்ல பெயர் எடுத்தவர்கள், நல்ல மென்பொருள், அதற்கே இந்தக் கதி. காக்பிட்டுக்கு நாளைக்கு இப்படி நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்த மாதிரி மென்பொருளுக்கு நாம் ரூட் அதிகாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது இல்லாமல் அதற்கு வேலையே இல்லை. அந்த லாகின் பக்கத்தை உலகம் முழுக்கப் பார்க்கும்படி விட வேண்டும் என்று மட்டும் எந்தக் கட்டாயமும் இல்லை.

நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். காக்பிட் மெஷினுக்குள்ளிருந்து வருகிற இணைப்பை மட்டும் கேட்கும். தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச்சின் மறைகுறியிட்ட டனல் வழியாகத்தான் நான் அதைத் திறக்கிறேன், எஸ்எஸ்எச்சும் சாவி இருந்தால்தான் உள்ளே விடும். இதற்கு சாக்கெட் அமைப்பின் மேல் சின்னதாக ஒரு ஃபைல் எழுத வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: கேட்கும் முகவரிக்கான வரியை முதலில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக ஒரு தடவை போட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் 127.0.0.1:9090 என்று எழுத வேண்டும். அந்த வெறும் வரியை விட்டுவிட்டால் புதிய முகவரி பழையதோடு சேர்ந்துகொள்ளும். நீ மூடிவிட்டதாக நினைத்திருப்பாய், பழைய கதவு திறந்தே கிடக்கும். போர்ட்டையே மாற்றுகிறாய் என்றால், செலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் ஓடுகிற மெஷினில் அதனிடமும் புதிய எண்ணைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாக்கெட் எழும்பாது. சான்றிதழ் விஷயம் பிறகு சொல்கிறேன், டனல் வழியாக வருகிற உனக்கு அது அவசரமில்லை.

ஒரு மெஷினுக்கு இவ்வளவு போதும். பல மெஷின்கள் என்று வந்துவிட்டால் திரையில் அழுத்திக்கொண்டிருப்பது ஒத்துவராது. நான் எதை எதற்காக அழுத்தினேன் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. அப்புறம் எனக்கும் பெருசுக்கும் என்ன வித்தியாசம்? அதனால் மாற்றங்களை எல்லாம், எழுதி வைத்ததைப் பல மெஷின்களில் செய்து முடிக்கிற ஆன்சிபிளில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மெஷினில் அதற்கென்று ஏஜென்ட் மென்பொருள் எதுவும் போட வேண்டாம், எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். அது படிக்கிற யாம்ல் ஃபைலில் டேப் அடித்தால் கோபித்துக்கொள்ளும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதையும் மாற்றாமல், மாற்றினால் எந்த வரி எப்படி ஆகும் என்று மட்டும் காட்டச் சொல்லலாம். அப்படி ஓட்டிப் பார்த்தபோது ஒரு மெஷினில் மட்டும், நடந்ததையெல்லாம் பதிகிற லாக் 4 வாரத்துக்குப் பதில் 52 வாரம் தங்குகிறது என்று காட்டியது. கவனக்குறைவு என்றே நினைத்தேன். நல்லவேளையாக, தொடுவதற்கு முன் பெருசிடம் கேட்டேன். தணிக்கைக்காக ஒரு வருஷத்து லாக் கேட்டார்களாம். காரணத்தை அந்த வரிக்கு மேலேயே எழுதி வைத்துவிட்டேன். இப்போது தினமும் சாயங்காலம் அவரைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறார், ஆனால் நான் போகத் தாமதமானால் அவரே போன் செய்கிறார்.

உன் சங்கதிக்கு வருகிறேன். வெப்மின் வெர்ஷன் என்ன என்று பார்த்து எழுது. பழையதாக இருந்து இவ்வளவு நாளும் வெளியே திறந்து கிடந்திருந்தால், அப்டேட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதே. அந்த மெஷினை நம்பாமல், டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுவதுதான் நல்லது. நானும் கூட இருந்து செய்து தருகிறேன். மொட்டையைக் கூப்பிடாதே. இப்போதைக்கு, மற்ற வேலையெல்லாம் அப்புறம், ஃபயர்வாலில் வெப்மினின் 10000 போர்ட்டை மூடு.

அன்புடன்,
உன் மச்சான்